அப்பா இப்ப இல்ல

தனசேகரனுக்கு மிச்சமிருந்த ஒரே சிநேகிதன் ஆரோக்கியநாதன்தான். மற்றவர்களில் பாதிப் பேர் பர்மாவை விட்டு மலேசியா, தாய்லாந்து என்று போய்விட்டார்கள். மீதிப் பேரைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. மனைவி காலமான பிறகு தாமுவேயில் தனியாகக் கிடந்த மனுஷனை, "தன்லியினுக்கே வந்துடுடா, எங்க வீட்டுப் பின்னால ஒரு ரூம் சும்மாத்தான கிடக்கு" என்று ஆரோக்கியநாதன் வருஷக்கணக்காக நச்சரித்துக்கொண்டிருந்தான். இவர் வீம்புக்கு மறுத்துக்கொண்டே இருந்தார். இந்தச் சனிக்கிழமைதான் மனசு இறங்கி, சரி, வருகிறேன் என்று சொல்லக் கிளம்பினார். இரண்டு நாள் தங்கத் துணியும், அவன் விரும்பித் தின்னும் ஊறவைத்த தேயிலையும் பையில் இருந்தன.

திங்கட்கிழமையே அவன் போனுக்கு அடித்திருந்தார். எடுத்தது மகள் ரோஸ்லின். "அப்பா இப்ப இல்ல மாமா" என்றாள். லைனில் ஒரே இரைச்சல். "பரவால்லம்மா, சனிக்கிழமை நானே வரேன், அம்மாகிட்ட சொல்லிடு" என்று வைத்துவிட்டார். அவன் வீட்டில் தங்குகிற ஆளா, எந்த டீக்கடையில் உட்கார்ந்து வாயடிக்கிறானோ என்று நினைத்துக்கொண்டார்.

பஸ் பாலம் தாண்டி, பத்து மணிக்குள் தன்லியினில் இறக்கிவிட்டது. வாசலிலிருந்தே குரல் கொடுத்தார். "எங்கம்மா ஸ்டெல்லா உன் வீட்டுக்காரன்? நான் வரேன்னு தெரிஞ்சும் ஊர் சுத்தப் போயிட்டானா?"

ஆரோக்கியநாதனின் மனைவி அவரையே பார்த்தாள். அவளுக்குப் பின்னால் மேசைமேல் அவன் படம். முன்னால் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. தனசேகரன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை நெஞ்சு வலின்னாரு, ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே முடிஞ்சிருச்சு" என்றாள் ஸ்டெல்லா. "செவ்வாக்கிழமை எடுத்தோம் அண்ணே. நீங்க வருவீங்கன்னு ரொம்ப நேரம் பெட்டிய மூடவே விடல நானு."

"எனக்கு யாரும் சொல்லலியேம்மா."

"நான் சொன்னேன்." உள்ளேயிருந்து ரோஸ்லின் வந்தாள். "அப்பா இப்ப இல்லன்னு சொன்னேன். நீங்க பரவால்லன்னீங்க."

பர்மியப் பள்ளியில் படித்த பெண். பர்மியம் தண்ணீர்பட்ட பாடு, தமிழ்தான் தடுமாறும். இறந்தவரை பர்மியத்தில் 'மஷிதோபூ' என்பார்கள், இனி இல்லை என்று. பாவம், அதைத்தான் அவள் தமிழாக்கிச் சொல்லியிருக்கிறாள். இந்த மனுஷன் காதில் அது டீக்கடைக்குப் போனதாக விழுந்திருக்கிறது. அந்த வாரம் முழுக்க அந்த வீடு இவரைக் கல்நெஞ்சுக்காரர் என்று நினைத்துப் புழுங்கியிருக்கிறது.

"வெளிய போயிருக்கான்னுல்ல நெனச்சேன்" என்றார். ஸ்டெல்லா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

ரோஸ்லின் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகத்தில் இருந்த கோபம் போய்விட்டது. "நான் தப்பா சொல்லிட்டனா மாமா? எப்புடி சொல்லணும்?"

தனசேகரன் மடியிலிருந்த பையைக் கீழே வைத்தார். அவள் காத்திருந்தாள்.

"அப்பா செத்துட்டாருன்னு சொல்லணும்மா" என்றார்.

சொன்ன பிறகு அவரால் தாங்க முடியவில்லை. படத்தைப் பார்த்து, "வரேன்னு சொல்லத்தான்டா வந்தேன், பாவி" என்று விக்கி விக்கி அழுதார்.