கமோலியிலிருந்து ரயிலில் வரும் குரல்

ஓபெர்த்தோ சனிக்கிழமை மாலைகளில் பாடிய பெண்குரல் அவனுடையது அல்ல. கமோலி ஊரில் நெத்திலி விற்கும் புரோஸ்பெராவுடையது. ஜெனோவா துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் சந்துகளில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தெரியாதவர் யாராவது கேட்டால், மீன் மார்க்கெட் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று சொல்வதைப் போலச் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போவோம்.

எங்கள் பாட்டுக்கு வாத்தியம் கிடையாது. ஒன்பது ஆண்கள் வட்டமாக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நிற்பார்கள். கேட்க வந்தவர்களுக்கு முதுகுதான் தெரியும்; முதுகைப் பார்க்கப் பிடிக்காதவர்கள் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம். ஒருவர் கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு கிதார் போல ஒலி எழுப்புவார். பாதிப்பேர் அடிக்குரல். ஒருவர் பெண்குரல். அதற்கு ஒரு பெண்ணையே நிறுத்தினால் என்ன என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. வட்டத்துக்குள் பெண்கள் நிற்பதில்லை, அவ்வளவுதான். பாடுகிற அத்தனை பேரும் பகலில் கப்பலிலிருந்து மூட்டை இறக்குகிறவர்கள். அவர்களில் ஓபெர்த்தோதான் ஆள் பெரியவன். அடிக்குரல்காரர்களில் கடைசி ஆளாக, வராவிட்டாலும் யாரும் தேடாத இடத்தில் நின்றுகொண்டிருந்தான்.

1951ஆம் வருஷம் வசந்தத்தில், காபி மூட்டை இறக்கும்போது கொக்கி நழுவி அவன் முழங்கையைக் கீறிவிட்டது. திட்டுவதற்காக வாயைத் திறந்தான். "உங்கம்மா வீட்டு வழக்கமா இது?" என்று கணீரென ஒரு பெண்குரல் வந்தது. சுற்றி இருந்தவர்கள் மூட்டைகளைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். வெட்கத்தில் ஓபெர்த்தோ ஒரு வாரம் வாயே திறக்கவில்லை. வட்டத்துக்குத் தலைவன் மாதிரி இருந்த கிதார்க்குரல் ஸ்தேவாதான் அவனைத் தனியாக அழைத்துப் போனான். "டேய், அந்தக் குரல்ல ஒரே ஒரு வரி பாடு. ஒருத்தன்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றான். ஓபெர்த்தோ பாடினான். பொழுது சாய்வதற்குள் ஸ்தேவா துறைமுகம் முழுக்கச் சொல்லிவிட்டான்.

அதன்பிறகு எங்கள் வட்டத்துக்குக் கடற்கரை நெடுக மவுசு வந்தது. பாட்டு நடக்கும் ஒயின் கடையில் அந்தக் குரல் மேலே ஏறும்போது மேஜைகளில் இருந்த ஒயின் டம்ளர்கள் வட்டத்தின் பக்கமாக நகர்ந்தன. நாலைந்து டம்ளர் உடைந்ததும் கடைக்காரர் தச்சனை அழைத்து மேஜைகளுக்கு விளிம்பு அடித்துக்கொண்டார்.

கொக்கி நழுவிய அதே நேரத்தில் கமோலியில் புரோஸ்பெரா தன் அண்ணி கத்தரீனாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். பாதி வாக்கியத்தில் குரல் நின்றுபோனது. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. வைத்தியர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் காசு வாங்கிக்கொண்டார். ஊமையாக மீன் விற்பது கஷ்டம். அதைவிடப் பெரிய கஷ்டம், முணுமுணுக்க முடியாமல் போனது. எங்கள் ஆட்களுக்கு அது மூச்சு மாதிரி. முணுமுணுக்கும் உரிமையைக் கொடுத்தால் சம்பளத்தைக் குறைத்துக்கொள்கிறோம் என்று பேரம் பேசிக் கப்பல் ஏறிய மாலுமிகளின் வம்சம் நாங்கள். புரோஸ்பெராவுக்கு வெயில், மழை, மீன் விலை, பாதிரியாரின் பிரசங்கம் எதைப் பற்றியும் ஒரு வார்த்தை குறை சொல்ல வழியில்லை. சொல்லாததெல்லாம் உள்ளே சேர்ந்துகொண்டே போனது. ஏழு வருஷத்தில் அவள் பாரமாகிவிட்டாள். படகில் ஏறினால் படகு ஒரு பக்கம் சாய்ந்தது.

கமோலியின் மீன் திருவிழாவுக்கு ஒரு மே மாதம் எங்கள் வட்டத்தைப் பாடக் கூப்பிட்டார்கள். முதல் பாட்டிலேயே கத்தரீனா கையிலிருந்த பொரித்த மீனைக் கீழே போட்டாள். அந்தக் குரலிடம் அவளைவிட அதிகமாகத் திட்டு வாங்கியவர் ஊரில் கிடையாது. அவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? நாத்தனாரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, வட்டத்துக்கு வெளியே ஓபெர்த்தோவின் முதுகில் ஒரு அடி வைத்தாள்.

"யோவ், இது எங்க வீட்டுக் குரல். எங்கேருந்து எடுத்தே?"

"நான் எடுக்கலம்மா. அதுவா வந்துச்சு" என்றான் ஓபெர்த்தோ, தன் சொந்த முரட்டுக் குரலில்.

"அன்னைக்கு இவ என்னைத் திட்டிட்டு இருந்தா. மீன் செதிலோட தண்ணிய அப்படியே வச்சுட்டுப் போறியேன்னு ஆரம்பிச்சா. அதோட நின்னு போச்சு. அப்புறம் ஒரு சொல்லு இல்ல."

வட்டத்தில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஸ்தேவாதான் மெதுவாகச் சொன்னான்: "உங்கம்மா வீட்டு வழக்கமா இது?"

புரோஸ்பெரா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். சத்தமில்லாமல் அழுவதைப் பார்க்க எங்களுக்குப் பொறுக்கவில்லை. ஓபெர்த்தோ அவள் முன்னால் மண்டியிட்டு, தன்னால் முடிந்த உச்சத்தில் ஒரு சுரத்தைப் பிடித்தான். அவள் வாயைத் திறந்து அதை உள்ளே இழுத்துக்கொண்டாள். அன்று ராத்திரி முழுக்க அவள் ஓயவில்லை. ஏழு வருஷக் குறையையும் கத்தரீனா எதிரில் உட்கார்ந்து, நடுநடுவே பதிலும் கொடுத்துக்கொண்டு, பரம சந்தோஷமாகக் கேட்டாள். காலையில் புரோஸ்பெரா படகில் ஏறியபோது படகு சாயவில்லை.

ஓபெர்த்தோ மறுபடி அடிக்குரல் வரிசைக்குப் போய்விட்டான். பெண்குரல் இல்லாமல் வட்டம் இரண்டு வாரம் பாடிப் பார்த்துவிட்டு நிறுத்தியது. செய்தி கமோலிக்குப் போனது. அடுத்த சனிக்கிழமை புரோஸ்பெரா ஒயின் கடை வாசலில் வந்து நின்றாள். "சனிக்கிழமை சாயங்காலம் நான் கடை போடுறதில்ல. அந்த நேரம் மட்டும் வச்சுக்க. கரகரன்னு ஆக்கித் திருப்பிக் குடுத்தே, அப்புறம் இருக்கு உனக்கு" என்றாள். அப்படித்தான் அந்த ஏற்பாடு வந்தது. முதலில் அவளே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பாட்டு முடியும்வரை கடலைமாவு ரொட்டி தின்றுகொண்டு காத்திருப்பாள். கத்தரீனாவுக்கு முழங்கால் வலி வந்தபிறகு அவளைத் தனியே விட முடியவில்லை. அதற்குள் குரலுக்கு வழி பழகியிருந்தது. ஐந்து மணி ரயிலில் தானாக வரும், ஒன்பது மணி ரயிலில் தானாகப் போகும். ரயில்வேக்காரர்கள் இரண்டு தடவை மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார்கள். குரலுக்குச் சீட்டு வேண்டாம் என்று பதில் வந்தது.

1966 நவம்பரில் ஒரு சனிக்கிழமை, பாட்டின் நடுவில் ஓபெர்த்தோ மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். விழும்போதே உயிர் போய்விட்டது. குரல் மட்டும் நிற்கவில்லை. அவன் நின்ற உயரத்தில், ஆளில்லாத இடத்தில், தொடர்ந்து பாடிக்கொண்டிருந்தது. தொண்டை இல்லாத குரல் எவ்வளவு நேரம் தாங்கும், அவனோடேயே போய்விடுமா என்று யாருக்கும் தெரியவில்லை. போய்விட்டால் புரோஸ்பெரா சாகும்வரை ஊமைதான். "யாரும் நிறுத்தாதீங்கடா!" என்று கத்திவிட்டு ஸ்தேவா மறுபடி கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டான். சொற்களில்லாத பல்லவியையே அவர்கள் திரும்பத் திரும்பப் பாடினார்கள். ஓபெர்த்தோவை வட்டத்துக்கு நடுவில் கிடத்தி, கண்களை மூடிவிட்டு, அழுதுகொண்டே பாடினார்கள். கடைக்காரர் கமோலிக்கு போன் செய்தார். புரோஸ்பெரா வந்து சேர்ந்தபோது எட்டுப் பேருடைய குரலும் தேய்ந்து காற்றாகியிருந்தது. ஸ்தேவா நகர்ந்து வழி விட்டான். ஒரு பெண் எங்கள் வட்டத்துக்குள் கால் வைத்தது அன்றுதான். ஓபெர்த்தோவின் தலைமாட்டில் நின்று அவள் மூச்சை இழுத்தாள். பாட்டு பாதியில் நின்றது. திரும்பக் கிடைத்த குரலில் அவள் முதலில் சொன்னது அவன் பெயரை. அதன்பிறகு வாய்விட்டு அழுதாள்.

அடக்கம் முடிந்து சில மாதம் கழித்து ஸ்தேவா கமோலிக்குப் போனான். வழக்கத்தை மாற்றிக்கொள்கிறோம், நீயே வட்டத்தில் வந்து நில் என்று கேட்டான். புரோஸ்பெரா முயற்சி செய்யாமல் இல்லை. மீன் கூவுவது போலத்தான் வந்தது.

"எனக்குப் பாட வராது ஸ்தேவாண்ணே. குரல் என்னுது. பாட்டு அந்தாளுது."

ஆனால் சனிக்கிழமைகளில் ஐந்து மணியானால் குரல் அவள் தொண்டையில் நிலைகொள்ளாமல் தவித்தது. அவள் பல்லைக் கடித்து உதட்டை இறுக்கிக்கொள்வாள். போன இடத்தில் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. திரும்பி வராவிட்டால் என்ன செய்வது? ஊமையாக வாழ்ந்தது எப்படி என்று அவளுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. அவளைக் குறை சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை, மூடிய வாய்க்குள்ளிருந்து மூக்கு வழியாகப் பாட்டு கேட்டது. ஓபெர்த்தோ விழுந்த அன்று பாடிய பாட்டு. அவன் விழுந்த இடம்வரை வந்து நின்றது. மறுபடி முதலிலிருந்து தொடங்கி அதே இடத்தில் நின்றது.

"வாயத் தொறக்காத! போனா போனதுதான்!" என்றாள் கத்தரீனா. அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

புரோஸ்பெரா அடுப்பை அணைத்தாள். சால்வையைப் போர்த்திக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். ஐந்து மணி ரயில் வந்து நின்றது. "போ. முடிச்சுட்டு ஒழுங்கா வீடு வந்து சேரு" என்று சொல்லி வாயைத் திறந்துவிட்டாள்.

எங்கள் ஒயின் கடையில் எட்டுப் பேரும் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஒயின் டம்ளர்கள் விளிம்புவரை நகர்ந்து வந்து நின்றன. ஸ்தேவா சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தான். எட்டுப் பேரும் வட்டமாக, ஒரு ஆள் நிற்க இடம் விட்டு நின்றார்கள். ஓபெர்த்தோ முடிக்காத பாட்டை அன்று முடித்தார்கள்.

ஒன்பது மணி ரயில் வந்தபோது நாத்தனாரும் அண்ணியும் கமோலி பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் இறங்கவில்லை. ரயில் கிளம்பிப் போய்விட்டது. கத்தரீனா அவள் முகத்தையே பார்த்தாள். புரோஸ்பெரா வாயைத் திறக்கப் பயந்து சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பிறகு, "என்ன பாத்துட்டு நிக்கிறே? முழங்கால் வலிக்குதுன்னு நாளைக்கு என் உயிர வாங்குவே. வா" என்றாள்.

இப்போதும் சனிக்கிழமைகளில் வந்தால் கேட்கலாம். வட்டத்தில் ஓர் இடம் காலியாக இருக்கும். அங்கே போய் நிற்கக் கூடாது. குளிர்காலத்தில் ரயில் தாமதமாகும் நாட்களில், பெண்குரல் வேண்டாத பாட்டாகப் பார்த்து ஆரம்பித்துக்கொள்வார்கள்.