சொல்லாமல் எழுந்து போகிறவர்கள்

பாயைத் தட்டி விரிக்கிறாள், இருங்க அண்ணாச்சி என்கிறாள், என் பொண்டாட்டி ஜெயக்கொடியைக் கழுத்தை நெரித்துக் கொன்ற சுடலையைப் பெற்றவள், நான் உட்காருகிறேன், எதற்கு இந்த உப்பளத் தெருவுக்கு வந்தேன் என்று என் கால்களுக்குத்தான் தெரியும், நேற்று நீதிபதி தூக்கு என்று சொன்னதும் கோர்ட்டு வாசலில் மச்சினன் என் கையைப் பிடித்துக்கொண்டான், அத்தான், இனி அக்கா நிம்மதியா இருப்பா என்றான், நானும் தலையை ஆட்டினேன், வருஷக்கணக்காகக் கோயில் கோயிலாக நின்று நான் கேட்டதுதானே, அந்தப் பயல் கயிற்றில் தொங்கினான் என்று கேட்ட பிறகுதான் நான் சாக வேண்டும் என்று. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே ஏட்டி, தூக்குட்டி என்று கத்திக்கொண்டு அடுக்களைவரை போய்விட்டேன், எவள் இருக்கிறாள் கேட்க, அங்கேயே நின்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன், எனக்கே வெட்கமாக இருந்தது.

ஜெயக்கொடி காப்பி ஆற்றிக்கொண்டிருக்கிறாள், பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்த சுடலைக்கு, பாவம், காலையில ஒண்ணும் சாப்ட்ருக்க மாட்டான் என்கிறாள், அவனை உள்ளே விடாதே, கதவைச் சாத்து என்கிறேன், கனவில் மட்டும்தான் சொல்கிறேன், அன்று நான் கடைக்குப் போயிருந்தேன், ஒரு சங்கிலிக்காக, சீ, கேட்டிருந்தால் கழற்றிக் கொடுத்திருப்பாள் மகராசி. அவளை எடுத்துவிட்டு வந்த அன்று வீடு நிறையச் சனம், ஒவ்வொருவராக எழுந்து போகிறார்கள், சாவு வீட்டில் போயிட்டு வாரேன் என்று சொல்லக் கூடாது, சொன்னால் சாவும் திரும்பி வருமாம், என் முகத்தைக்கூடப் பார்க்காமல் வேட்டியை உதறிக்கொண்டு நடக்கிறார்கள், கடைசி ஆளும் அப்படிப் போன பிறகு வந்து உட்கார்ந்த அமைதி இன்றுவரை என் வீட்டைவிட்டு நகரவில்லை.

இங்கேயும் அடுப்பு பற்றவில்லை, ஜெயிலில் உயிரோடு இருக்கிறவனுக்குத் சாவுத் துட்டி கேட்க வந்த பெண்கள் சுவரோரம் இருக்கிறார்கள், ஒருத்தி எழுந்து முந்தானையை இழுத்துக்கொண்டு வாய் திறக்காமல் படி இறங்குகிறாள், அடுத்தவளும் அப்படியே, ஐயோ பாவிகளா, ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் என்ன, அவன் செத்தா போய்விட்டான். ஒங்ககிட்ட மன்னிப்பு கேக்க எனக்கு வாயில்ல அண்ணாச்சி, நேத்து அவன சாப்பிட வாலேன்னு கூப்பிட்டுட்டேன், உள்ள போயி இத்தன வருசமாவுது, புத்தி பெரண்டுட்டு போல என்கிறாள் சுடலையைப் பெற்றவள். எனக்கு அடுக்களையில் நின்று கத்திய என் குரல் கேட்கிறது. அவனை நான் மன்னிக்கவில்லை, என் கட்டை வேகும்வரை மன்னிக்க மாட்டேன், உள்ளேயே கிடந்து அவன் தலை நரைக்கட்டும், ஆனால் தூக்கு வேண்டாம், என் வீட்டு அமைதி இன்னொரு வீட்டுக்கு வேண்டாம், நீ கோபித்துக்கொண்டாலும் சரி ஜெயக்கொடி, எனக்கு வேண்டாம்.

கையை ஊன்றி எழுகிறேன், நானும் அப்படியே போய்விடுவேன் என்று அவள் தலையைக் குனிந்துகொள்கிறாள், நான் படியில் நின்று திரும்பி அவள் முகத்தைப் பார்த்து, தங்கச்சி, போயிட்டு வாரேன் என்கிறேன். சுவரோரம் இருந்தவர்கள் பதறிப்போய் என்னைப் பார்க்கிறார்கள். அவள் மெல்ல எழுந்து, கதவைப் பிடித்துக்கொண்டு, போயிட்டு வாங்க அண்ணாச்சி என்கிறாள்.