ஜெபத்தில் கேட்காத வீடு

"எங்க வீட்டு ஜெபத்துல யாரும் எதையும் கேக்க மாட்டோம். நன்றி மட்டும்தான் வாய்விட்டுச் சொல்லுவோம்."

"அப்போ வேணும்ங்கறத?"

"மனசுக்குள்ள சொல்லிக்கோ. ஆண்டவருக்குக் காது நல்லாவே கேக்கும்."

கல்யாணமான மறுநாள் மாலை, அலமாரியிலிருந்து வேதாகமத்தை எடுத்துக்கொண்டே கணவன் அவளிடம் சொன்னது இது. காரணத்தையும் அவனே சொன்னான். சின்ன வயதில் அவன் தினமும் ஜெபத்தில் ஷூ, சைக்கிள் என்று அடுக்குவானாம். ஆண்டவருக்குக் கேட்டதோ இல்லையோ, பக்கத்தில் முழங்காலில் நின்ற அப்பாவுக்குக் கேட்டது. லிஃப்ட் மெக்கானிக் சம்பளத்தில் ஷூவுக்கே மூச்சு முட்டியது. ஒருநாள் ஆமென் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. அன்றைக்கு அத்தை, அதாவது அவன் அம்மா, போட்ட சட்டம் இது.

இரண்டு வருடமாக அவளும் மீறவில்லை.

ஓய்வு பெற்ற தபால்காரரான அவள் அப்பா, இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில் தனியாக இருந்தார். ஊரிலுள்ள கதவு எண்ணெல்லாம் மனப்பாடமாக இருந்த மனிதருக்கு இப்போது சொந்த வீட்டுக் கதவே மறந்துபோனது. மருந்துக் கடை வேலை முடிந்ததும் அவள் அங்கே ஓடிவிட்டு, ஜெப நேரத்துக்கு வீடு திரும்புவாள். அப்பா மாத்திரையைச் சரியாகப் போட்டதற்கு ஸ்தோத்திரம். பஸ் ஸ்டாப்பில் திகைத்து நின்றவரைப் பக்கத்து வீட்டுக்காரர் கூட்டி வந்ததற்கு ஸ்தோத்திரம்.

அவரை இங்கே கூட்டி வர மாமனாரிடம் பேசட்டுமா என்று கணவன் ஒருமுறை கேட்டான். கூடுதலாக இருப்பது முன் அறை ஒன்றுதான். அதிலும் மாமா ஆசை ஆசையாகச் சேர்த்த பழைய ரேடியோக்கள் கூரைவரை நின்றன.

"வேணாங்க. மாமா தலைல இன்னொரு ஷூவை ஏத்தாதீங்க" என்று அவன் வாயை அடைத்துவிட்டாள்.

போன வாரம், அடுப்பு மதியம் முழுக்க எரிந்தும் அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நன்றி சொன்னாள். அன்றைக்கு ஆமென் சொல்ல எல்லோருக்கும் கொஞ்ச நேரம் பிடித்தது. மறுநாளிலிருந்து முன் அறை பூட்டிக் கிடந்தது. கேட்டால், தூசி, உள்ளே வராதே என்றார் மாமா.

இன்று சங்கீதம் வாசித்து முடித்ததும் வழக்கப்படி வீட்டுக்கு இளையவளாக அவள் ஆரம்பிக்கப் போனாள். நீ கடைசியில் சொல் என்று அத்தை தடுத்தாள்.

முன் அறை ஒட்டடையெல்லாம் ஒழிந்ததற்கு அத்தை நன்றி சொன்னாள். மருமகளுக்கு ஒரு கண் தானாகத் திறந்துகொண்டது. வழக்கமாக இந்நேரம் குறட்டை விடும் கணவன், பழைய கட்டில் நாலு காலிலும் ஆடாமல் நிற்பதற்கு நன்றி சொன்னான். மாமா தொண்டையைச் செருமினார்.

"ரேடியோ எல்லாத்தையும் எடைக்குப் போட்டாச்சு ஆண்டவரே. பாடுற ஒண்ண மட்டும் வச்சிருக்கேன். தனியாக் கேட்டா போரடிக்குது. கூட உக்காந்து கேக்க ஒரு ஆளு..."

அத்தை கண்ணைத் திறக்காமலே கனைத்தாள்.

"ஸ்தோத்திரம்" என்று மாமா அவசரமாக முடித்துக்கொண்டார்.

அடுத்தது அவள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மூன்று பேரும் தலை குனிந்தபடி காத்திருந்தார்கள். இத்தனை நன்றியை ஒரே நாளில் எப்படிச் சொல்லி முடிப்பது? அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாமா பக்கம் திரும்பினாள்.

"அத்தை, இன்னைக்கு ஒருநாள் மன்னிச்சுக்கோங்க. மாமா, எங்கப்பாவ இங்க கூட்டிட்டு வந்து நம்மகூடவே வச்சுக்கலாமா?"