மிக்கேல் நீட்டிய கிண்ணம்

தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று பீடத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று என் வீட்டுக்காரர் சத்தியம் செய்தபோது, பெண்கள் பக்கத்தில் ஒருத்தி வாய்விட்டே சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, பொய் சொல்வானேன். தவக்கால நாடகத்தில் சேசு வேஷம் கட்டுகிறவர் நாடகம் முடியும்வரை கறியும் சாராயமும் தொடக்கூடாது என்பது எங்கள் கோயில் கட்டுப்பாடு. என் வீட்டுக்காரர் ராயப்பனையோ சாராயக்கடை வாசலில் பார்க்காத ஆள் முத்தியால்பேட்டையில் கிடையாது. பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. துரைமார் விட்டுப்போன வீடுகளுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிக்கிற வேலை அவருக்கு. கூலி கைக்கு வந்தால் கால் நேரே கடைக்குத்தான். பங்குச் சாமியார் அவரைப் பொறுக்கியதற்கு ஒரே காரணம் அந்த உடம்பு. வனாந்தரத்தில் நாற்பது நாள் பட்டினி கிடந்தவர் மாதிரி இருக்க ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்?

வீட்டுக்கு வந்ததும் அவரிடம் ஒன்றே ஒன்று சொன்னேன். இந்தத் தடவையும் குடியில் விழுந்தால் மகள் செலினைக் கூட்டிக்கொண்டு கடலூருக்கு, என் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்ப மாட்டேன். வெறும் மிரட்டல் இல்லை. அண்ணனுக்குக் கடுதாசி போட்டாகிவிட்டது. பதினோரு வருஷம் பொறுத்தது போதும் என்றிருந்தது.

முதல் வாரம் கை நடுங்கி, சுண்ணாம்பு வாளியை ஏணியிலிருந்து தவறவிட்டார். இரண்டாவது வாரம் தூக்கமே இல்லை. அவருக்குப் படிக்க வராது. சாயங்காலம் நான் வசனத்தைப் படிக்கப் படிக்க அவர் திருப்பிச் சொல்வார். நாலாவது வாரம் சாப்பிடும்போது இரண்டாம் முறை சோறு கேட்டார். எனக்கு நம்பிக்கை வந்தது, அதனாலேயே பயமும் வந்தது.

பசாசு வேஷம் மிக்கேலுக்கு. பசாசைக் காலால் மிதிக்கிற தேவதூதரான சம்மனசின் பெயரை வைத்துக்கொண்டு கொம்பு மாட்ட வெட்கமே இல்லை அவனுக்கு. அவனுக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒரே ஏணி, ஒரே வாளி, சாராயக்கடையில் ஒரே பெஞ்சு. ஒருநாள் வாசலில் வந்து நின்றான்.

"அண்ணி, அண்ணன் இல்லாம தனியா குடிச்சா உள்ளயே எறங்க மாட்டேங்குது."

பாவமாகத்தான் இருந்தது. துடைப்பத்தைக் காட்டி அனுப்பினேன்.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை, நாலு மணி வெயிலில், கோயில் முற்றத்தில் நாடகம் நடந்தது. பட்டினி கிடக்கும் சேசுவிடம் பசாசு கல்லை அப்பமாக்கச் சொன்ன கட்டம் நன்றாகப் போனது. பெஞ்சுமேல் பெஞ்சு போட்ட கோபுரத்து உச்சியிலிருந்து குதிக்கச் சொன்னதும் போனது. மூன்றாவது, உலக ராச்சியங்களைக் காட்டுகிற கட்டம். மிக்கேலின் தட்டில் ஜிகினாக் கிரீடமும் ஒரு கிண்ணமும் இருந்தன. கிண்ணத்தில் நன்னாரித் தண்ணீர் இருக்கவேண்டும். அவன் அதை முகத்துக்கு நேரே நீட்டியதும் என் வீட்டுக்காரரின் மூக்கு விரிந்தது. அது எதற்கு விரியும் என்று எனக்குத் தெரியாதா?

கை கிண்ணத்தை வாங்கியது. வசனம் வரவில்லை. ஜனம் நடிப்பென்று நினைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. எழுந்து கத்தப் போனேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. கோபுரத்து உச்சிவரை கொண்டுபோன பசாசு சேசுவைத் தள்ளிவிடவில்லை. குதி என்று சொல்லத்தான் அதனால் முடிந்தது. அதேபோல இவரைப் பிடித்து நிறுத்த என்னாலும் முடியாது. குடிப்பதும் விடுவதும் அவர் ஒருவர் கையில்தான் இருந்தது.

"வாணாம்டா மிக்கேலு," என்றார். நான் நாற்பது நாள் படித்துக் காட்டிய வசனம் அதுவல்ல. "குடிச்சதெல்லாம் போதும். நீ போ."

கிண்ணத்தை மெதுவாகத் தரையில் சாய்த்தார். சாராய வாடை முன்வரிசைக்கு வந்ததும் சாமியார் எழுந்துவிட்டார். விஷயம் வரிசை வரிசையாகப் பின்னால் போய், முற்றம் முழுக்க எழுந்து கைதட்டியது. நான் எல்லோரும் பார்க்கவே அழுதேன். என் மனுஷன் ஜெயித்துவிட்டார்.

நாடகப்படி பசாசு ஓடவேண்டும். மிக்கேல் ஓடவில்லை, தலையைத் தொங்கப்போட்டு நின்றான். அடுத்து சம்மனசு வரவேண்டும். காகிதச் சிறகோடு செலின் வந்து அப்பாவிடம் ரொட்டித் தட்டை நீட்டினாள். அவர் அதைத் தொட்டதும் திரை விழவேண்டும். அவரோ தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ரொட்டியைப் பிய்த்து நிஜமாகவே தின்ன ஆரம்பித்தார். திரை இழுக்கிறவர் கயிற்றை மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். மீதிப் பாதியை என் வீட்டுக்காரர் மிக்கேல் பக்கம் நீட்டினார். மிக்கேல் கொம்பைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டான்.