பக்கத்துக்கு ஒரு புள்ளி

"உங்க சங்கத்துக்கு ஆள் வராதது ஆளுங்க தப்பில்ல அத்தை. விளையாட்டு இல்லாத தப்பு" என்றாள் அண்ணன் மகள். கைப்பேசி விளையாட்டுகளை வடிவமைக்கிற கம்பெனியில் அவளுக்கு வேலை.

செயலாளரம்மாவுக்குச் சுருக்கென்றது. கண் தெரியாதவர்களுக்காகப் புத்தகங்களை வாய்விட்டுப் படித்துப் பதிவு செய்து கொடுக்கிற சங்கம் அவருடையது. இரண்டு கண்ணாடிக் கூண்டுகள், எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெல்லாம் பழைய கம்பளி, ஒரு மேசை, ஒரு தொலைபேசி. முன்பெல்லாம் வாசலில் செருப்பு விட இடமிருக்காது. இப்போது மூன்றே ஜோடி, அதில் ஒன்று அவருடையது.

"இது சேவைடி. பம்பரம் விடுற இடமில்ல."

"சரி, அந்த விதிப் புத்தகத்தை யாரு படிக்கப் போறா? நீங்க ஒருத்தரேவா?"

அங்கேதான் அம்மா மாட்டிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் தொலைபேசி ஆபரேட்டராக இருக்கும் பார்வையற்ற பெண் ஒருத்தி மேற்பார்வையாளர் தேர்வு எழுத வேண்டும். அடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும். இதை விட்டால் வேறு வாய்ப்பில்லை. அதற்கான அலுவலக விதிகள் புத்தகம் அறுநூறு பக்கம். தலைக்கு வைத்துப் படுத்தால் கழுத்து சுளுக்கும். தேர்வுக்கு நாற்பது நாள் இருந்தது. பதிவாகியிருந்தது எண்பது பக்கம்.

"என்னமோ பண்ணித் தொலை" என்றார் அம்மா.

மறுநாளே சுவரில் பெரிய பலகை ஏறியது. ஒரு பக்கம் படித்தால் ஒரு புள்ளி. நூறு புள்ளிக்கு 'வாசகப் புலி'. முந்நூறுக்கு 'வாசகச் சக்கரவர்த்தி'. அட்டையில் செய்த கிரீடம் உண்டு.

அட்டைக் கிரீடத்துக்கு யார் வருவார்கள் என்று அம்மா நினைத்தார். ஊரே வந்தது. பல் டாக்டர் நோயாளியின் வாயைத் திறந்த கையோடு ஓடி வந்தார். ஓய்வுபெற்ற தபால்காரர் விடிந்ததும் வந்து கூண்டுக்குள் புகுந்தவர், சாப்பாட்டுக்குத்தான் வெளியே வந்தார். எதிர்க் கடை டெய்லரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு வந்து நின்றார். மூன்று வாரத்தில் நாலாயிரம் பக்கம்! அம்மாவுக்குத் தரையில் கால் பாவவில்லை.

அப்போது தொலைபேசி அடித்தது.

"அக்கா, நான்தான்" என்றாள் ஆபரேட்டர். புதிதாகப் பதிவாவதெல்லாம் வாராவாரம் அவள் கைப்பேசிக்குப் போய்விடும். "இந்த வாரம் முப்பத்தேழு யானைக் கதை வந்திருக்கு. 'யானை. யானை பெரியது.' அடுத்த பக்கம். 'யானைக்குத் தும்பிக்கை உண்டு.' அடுத்த பக்கம். தேர்வுல யானையைப் பத்திக் கேக்க மாட்டாங்கக்கா."

"அது... டாக்டர் வீட்டுக் குழந்தைங்க புத்தகம்..."

"வேற ஒருத்தர் 'இந்தப் பக்கம் காலியாக விடப்பட்டுள்ளது'ன்னு பதினொரு தடவை படிச்சிருக்கார். குரல்ல என்ன உருக்கம்! அதை விடுங்க. ஒரு அம்மா தினசரி காலண்டர் படிச்சிருக்காங்க. ஒன்று, வியாழன். இரண்டு, வெள்ளி. முன்னூத்தி அறுபத்தஞ்சு நாளும். முதல்ல சிரிச்சுக்கிட்டுதான் கேட்டேன். தேர்வுத் தேதி வந்துச்சு. அதுக்கு மேல கேக்க முடியல."

அம்மா பலகையைப் பார்த்தார். சக்கரவர்த்தி டெய்லரம்மாதான். ஒரே மத்தியானத்தில் கிரீடம். நாலாம் இடத்தில் யார்? அவரேதான். முன்னுரை, பதிப்புரை, அச்சகத்தின் முகவரி என்று சின்னப் பக்கங்களாகப் பொறுக்கியெடுத்துப் படித்தது அவருக்கு மட்டும்தான் தெரியும். விதிப் புத்தகம் எண்பதாம் பக்கத்தில் நின்ற இடத்திலேயே நின்றது. இன்னும் பத்தொன்பது நாள்.

"விளையாட்டா வினையாயிடுச்சேடி!" என்று அண்ணன் மகளைக் கூப்பிட்டுப் பொரிந்து தள்ளினார்.

"பக்கத்துக்குப் புள்ளி கொடுத்தது தப்பு அத்தை. வார்த்தைக்குக் கொடுப்போம். விதிப் புத்தகத்துக்கு மட்டும் இரட்டிப்பு."

அவள் தடுக்கில் பாய்ந்தால் அவர்கள் கோலத்தில் பாய்ந்தார்கள். மறுநாள் தபால்காரர் ஒரு மணி நேரத்தில் எழுபது பக்கத்தை மூச்சு விடாமல் உருட்டித் தள்ளினார்.

பதிவு போன மாலையே ஆபரேட்டர் நேரில் வந்துவிட்டாள். வெள்ளைக் கம்பை மடித்து மேசைமேல் வைத்தாள்.

"யாருக்கா அது, வாயில வெந்நீரை வெச்சுக்கிட்டுப் பேசுறது?"

"நான்தாம்மா. முப்பது வருஷம் தபால்துறையில இருந்தேன்" என்றார் தபால்காரர் பெருமையாக.

"கடிதமெல்லாம் இப்படித்தான் வீசிட்டு ஓடுவீங்களா?"

அறையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "எனக்காகத்தானே படிக்கிறீங்க? அப்ப மார்க் நான் போடுறேன். பத்திக்குப் பத்து. லீவு போட்டுட்டுத்தான் வந்திருக்கேன். தேர்வு வரைக்கும் இங்கதான்."

அண்ணன் மகள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "கேக்குறவங்களை ஆட்டத்துலயே சேர்க்கல பாருங்க அத்தை!"

கூண்டுக்கு வெளியே ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆபரேட்டர் உட்கார்ந்தாள். முதல் பலி பல் டாக்டர்.

"மூணு."

"பத்துக்கா?" டாக்டருக்கு ஜென்மத்தில் அப்படி ஒரு மதிப்பெண் வந்ததில்லை.

"வார்த்தையைப் பிடுங்கிப் பிடுங்கிப் போடுறீங்க டாக்டர். வலிக்குது."

தபால்காரருக்கு இரண்டு. அம்மாவுக்கு நாலு, "நல்லாத்தான் படிக்கிறீங்கக்கா, ஆனா புரியாமலே படிக்கிறீங்க." டெய்லரம்மாவின் முறை வந்தது. அவர் எழுத்துக் கூட்டித்தான் படித்தார். ஒரு வரி முடிந்ததும் நிறுத்தி, "இது என்ன கண்றாவி? ஓ, லீவுல இருக்கும்போதே இன்னொரு லீவு கேட்டா முதல் லீவு செல்லாதாமா? அடப்பாவிகளா!" என்றார்.

"ஐயோ, அதை அழிக்கணும்" என்று அம்மா பதறினார். புத்தகத்தில் இருப்பதைத் தவிர ஒரு சொல் சேர்க்கக் கூடாது என்பது சங்கத்தின் முதல் விதி. அழிப்பதற்காகப் பொத்தானில் விரலை வைத்தார்.

"அதை அழிக்காதீங்க அக்கா. ஒம்போது மார்க்."

அம்மாவின் விரல் பொத்தான்மேலேயே நின்றது. முதல் விதியை எழுதியவரே அவர்தான். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஒன்பது என்றதும் மற்றவர்களுக்கு வயிறு எரிந்தது. புரிந்து படித்தால்தான் மார்க்கு என்றால் முதலில் புரிய வேண்டுமே! டாக்டரும் தபால்காரரும் ஒரே கூண்டில் நெருக்கியடித்து உட்கார்ந்து ஒவ்வொரு விதியையும் பிய்த்தார்கள்.

"தற்காலிகமா வேலை பார்த்த நாளும் பணிமூப்புல சேரும் ஐயா."

"சேராது டாக்டர். உட்பிரிவைப் பாருங்க."

"நீங்க கண்ணாடியை மாத்துங்க."

"நீங்க முதல்ல தொழிலை மாத்துங்க!"

அத்தனையும் பதிவானது. ஆபரேட்டர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மார்க்கு போட்டாள்: ஏழு, எட்டு, ஒருமுறை எட்டரை. அந்த அரை மார்க்குக்காக மறுநாள் இருவருமே ஒரு மணி நேரம் முன்னால் வந்தார்கள். அட்டைக் கிரீடத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

தேர்வுக்கு முந்தின நாள் மதியம் அறுநூறாம் பக்கம் முடிந்தது.

"மார்க்கு?" என்றார் அம்மா.

"நாளைக்கு எனக்குப் போடட்டும், அப்புறம் உங்களுக்கு" என்று சொல்லிக் கம்பை விரித்துக்கொண்டு போனாள்.

முடிவு வர ஒன்றரை மாதம் ஆனது. அந்த ஒன்றரை மாதமும் தொலைபேசி கிணுகிணுத்தால் போதும், கூண்டுக்குள் இருப்பவர் பாதி வரியில் நிறுத்தி எட்டிப் பார்ப்பார். ஒரு நாள் அவளே பேசினாள்.

"அக்கா, பாஸ்! அடுத்த மாசத்துல இருந்து மேற்பார்வையாளர்."

அம்மா கூண்டைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். டெய்லரம்மா அளவு நாடாவாலேயே மூக்கைத் துடைத்தார்.

"பணிமூப்பு கேள்வி வந்துச்சான்னு கேளுங்க!" என்று பாய்ந்தார் டாக்டர்.

கேட்டார். "வந்துச்சுக்கா. பதில் சொல்லி எழுத வெக்கும்போது ரெண்டு பேரும் காதுக்குள்ள சண்டை போட்டாங்க. ஜெயிச்சவர் சொன்னதைச் சொன்னேன்."

"யாரு ஜெயிச்சது?" அம்மா அதைத் திருப்பிச் சொன்னதும் இரண்டு குரல்.

"சொல்ல மாட்டேன். கேள்விவாரியா மார்க்கும் வராது."

"அப்ப நான் சொன்னதுதான்" என்றார் தபால்காரர்.

"எந்தப் பிரிவுல ஐயா அப்படி இருக்கு? புத்தகத்தை எடுங்க!"

"என்னக்கா அங்க சத்தம்?"

"வேற என்ன, அவங்கதான்."

"போனைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பி வைங்களேன்."

அம்மா ரிசீவரை மேசையில் வைத்து, வாய்ப்பக்கத்தை அவர்களை நோக்கித் திருப்பினார்.