பதினோராவது குறிப்பு

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்த சொந்தபந்தமெல்லாம் பஸ் ஏறிய பிறகுதான் என் வீட்டுக்காரரின் அட்டைக் கோப்பைத் திறந்தேன். சென்னையிலிருந்து வார இதழ்க்காரர்கள் இரண்டு தடவை போன் செய்துவிட்டார்கள். "டிசம்பர் மூணாவது வாரத்துக்கு சார் ஏதாவது முடிச்சு வச்சிருக்காரான்னு பாருங்கம்மா" என்றார் உதவி ஆசிரியர். செத்த வீட்டில் கேட்கிற கேள்வியா இது என்று கோபம்தான் வந்தது. ஆனால் இருபத்தாறு வருஷம் ஒரு வாரம்கூட விடாமல் குறுக்கெழுத்துப் புதிர் அனுப்பிய மனுஷன். கடைசி ஒன்றும் போய்ச் சேரட்டும்.

கட்டம் முடிந்திருந்தது. குறிப்புகள் எல்லாம் மையில் இருந்தன, ஒன்றைத் தவிர. பதினொன்று, இடமிருந்து வலம், ஐந்து எழுத்து. விடை: ராமானுஜன். குறிப்பு எழுதவேண்டிய வரி வெறுமையாக இருந்தது. வருஷா வருஷம் எங்கள் வீட்டில் சண்டை நடந்தது அந்த ஒரு வரிக்குத்தான்.

நான் தென்காசியில் முப்பது வருஷம் கணக்கு டீச்சர். அவர், விஸ்வநாதன், தபால் ஆபீஸ் கிளார்க். டிசம்பர் இருபத்திரண்டு ராமானுஜன் பிறந்தநாள் என்பதால் அந்த வாரப் புதிரில் எப்படியாவது அந்தப் பெயரை நுழைத்துவிடுவார். "ஒனக்காகத்தான்" என்பார். குறிப்பு மட்டும் பெரிதாக மாறாது. 'கணித மேதை' என்பார். மிஞ்சிப்போனால் 'கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை'. ஒரு வருஷம் '1729 என்றதும் நினைவுக்கு வருபவர்' என்று போட்டுவிட்டு, பெரிய காரியம் செய்தவர் மாதிரி என் முகத்தைப் பார்த்தார்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. ஒரு தடவை 'ஜானகியின் கணவர்' என்று போடுங்கள். ஜானகி சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே கல்யாணம். இங்கிலாந்துக்குக் கப்பலேறிய ராமானுஜன் ஐந்து வருஷம் கழித்து நோயோடு திரும்பினார், மறுவருஷமே போய்விட்டார். அதற்குப் பிறகு எழுபது வருஷத்துக்கு மேல் அந்த அம்மாள் இருந்தார். தையல் தைத்துப் பிழைத்தார்.

"ஜானகின்னா, கட்டத்த எண்ணாமலே ராமர்னு எழுதிப்போடுவாம்ட்டி" என்று சிரித்தார்.

'தையல் தைத்துப் பிழைத்த ஜானகி அம்மாளின் கணவர்' என்று மாற்றிக் கொடுத்தேன். "செங்கோட்டை பஸ்ஸுக்கு நிக்கிறவனுக்கு விடை தெரியணும், மங்களம். இது யாருக்கும் தெரியாது" என்றார்.

"என்னைய இந்த ஊரு எப்படிச் சொல்லுது? போஸ்டாபீஸ் விஸ்வநாதன் வீட்டம்மான்னுதானே? ஒரே ஒரு ஆம்பளைய, ஒரே ஒரு வாரம், பொண்டாட்டி பேரச் சொல்லி அடையாளம் காட்டுனா குடியா முழுகிப் போவும்?"

அவர் பென்சிலை எடுத்துக்கொண்டு குனிந்துவிடுவார். என் பேச்சை அந்த மனுஷன் காதில் வாங்கவே இல்லை என்றுதான் பத்து வருஷமாக நினைத்திருந்தேன். அவர் போன பிறகும் அந்தக் கோபம் போகவில்லை. அழுதபோதெல்லாம் அதுவும் சேர்ந்தே வந்தது.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தக் குறிப்பையும் முதலில் பென்சிலில் எழுதுவார். சந்தேகமான குறிப்பென்றால் ஓரத்தில் மூன்று சின்ன வட்டம் போட்டுக்கொண்டு மூன்று பேரிடம் கேட்பார்: பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடை வைத்திருக்கும் அப்துல் ஜப்பார், கோயில் வாசலில் பூ விற்கும் உலகம்மை, குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடும் செந்தில்வேல். சரியாகச் சொன்னவருக்கு வட்டத்துக்குள் ஒரு டிக். இரண்டு டிக் விழுந்தால்தான் மையில் எழுதுவார்.

பதினொன்றின் ஓரத்தில் மூன்று வட்டம் இருந்தது. இரண்டில் டிக். இல்லாத குறிப்புக்கு யார் விடை சொன்னார்கள்?

மறுநாள் காலையில் கிளம்பினேன். "மாசம் திரும்பல, அதுக்குள்ள வெளியவா?" என்றாள் பக்கத்து வீட்டு நிர்மலாதேவி. திரும்பிப் பார்க்கவில்லை.

ஜப்பார் கடையில் சபரிமலைக்குப் போகிற சாமிமார் கூட்டம். என்னைக் கண்டதும் கிளாஸைப் போட்டுவிட்டு வெளியே வந்து, ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"அவுக கடைசியா உங்ககிட்ட என்ன கேட்டாவ, ஜப்பார்?"

"கார்த்திகை பொறந்தா கேக்கிறதுதான், மதினி. தையல் தைச்சுப் பிழைச்ச ஜானகி அம்மா வீட்டுக்காரர் யாருன்னு."

"வருஷா வருஷமா?"

"ஒம்பது பத்து வருஷம் இருக்கும். மொத வருஷம் நான் முழிச்சேன். விடையச் சொல்லி, அந்தம்மா பட்ட பாட்டையும் சொன்னாவ. மறுவருஷம் கேட்டா மறந்துபோச்சு. உலகம்மைக்கும் அப்படித்தான். இந்தத் தடவ நான் டக்குனு ராமானுஜம்னுட்டேன். அவளும் சொல்லிட்டா. அண்ணாச்சி முகத்துல அப்படி ஒரு சந்தோசம்! 'ரெண்டு டிக்கு விழுந்துட்டுலே, இனிமே மங்களம் கையாலயே மைல எழுதட்டும்'னு சொல்லிட்டுப் போனாவ."

மறுநாள் விடியற்காலையில்தான் அவருக்கு நெஞ்சு வலித்தது.

"செந்தில்வேலு?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"அவன் இன்னும் ராமருலதான் நிக்கான், மதினி."

சிரிப்பு வந்தது, அது பாதியிலேயே அழுகையாகிவிட்டது. அத்தனை சாமிமார் பார்க்கப் பார்க்க அழுதேன். பாவி மனுஷா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? தோற்றுத் தோற்றுத் திரும்பியதை எனக்குத் தெரியாமல் வைத்துக்கொண்டீர்களே, ஜெயித்த அன்றாவது வீட்டுக்கு வந்ததும் சொல்லித் தொலைத்திருக்கலாமே. ஜப்பார் டீயைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அவர் பேனாவால் அந்த வரியை எழுதினேன். படம் எடுத்து அனுப்பினேன். சாயங்காலம் உதவி ஆசிரியர் கூப்பிட்டார்.

"பதினொண்ணு ரொம்பக் கஷ்டமா இருக்கேம்மா. 'கணித மேதை'ன்னு மாத்திடட்டுமா?"

"மூணு பேர்கிட்ட கேட்டாச்சு. ரெண்டு பேருக்குத் தெரியுது. அது அவர் வச்ச சட்டம். மாத்தாதீங்க."

"சரிம்மா. புதிர் அமைத்தவர்னு எப்பவும்போல சார் பேரைப் போட்டுடறோம்."

"போடுங்க. முன்னால 'மங்களேஸ்வரி டீச்சரின் கணவர்'னு சேர்த்துக்கிடுங்க."

நான் சொன்னதை அவர் ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

"அப்படிப் போட்டா யாருக்கும் தெரியாதேம்மா."

"வருஷா வருஷம் கேட்டுக்கிட்டே இருந்தா தெரிஞ்சிரும்" என்றேன்.