இரண்டு ஃபில்டர்கள்

ஜனவரி 29, செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி. கனடாவின் தண்டர் பே நகரில் பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்து நான்கு டிகிரி. ஆர்வோ கோஸ்கெலாவின் வீட்டுக்குள் பதினொன்று.

நிலவறையில், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் முன்னால் குந்தியிருந்தான் டேல் ப்ரெபிச். அப்பா பார்த்த எரிவாயு வேலைக்கே அவனும் வந்து இருபது வருடம். தீ பற்றியது, நான்கு நிமிடம் எரிந்தது, அணைந்தது. பிறகு விசிறி மட்டும் சுற்றியது. மூன்று முறையும் அப்படியே.

"காத்து வரல. சூடு உள்ளேயே தங்குது, அதான் தானா அணைச்சுக்குது," என்றான்.

ஆர்வோ பின்னால் நின்றார். வயது எழுபத்தாறு. துறைமுகத்துத் தானியக் கிடங்கில் முப்பத்தோரு வருடம் வேலை செய்தவர். அந்தத் தூசி படிந்த சட்டைகளை எல்லாம் துவைத்தவள் மனைவி வெர்னா. இப்போது மாடியில், மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு கிடந்தாள். சிகரெட்தான் காரணம் என்றார் டாக்டர். ஆர்வோ அதை நம்பவில்லை. பராமரிப்பு இல்லத்தில் படுக்கை காலியாக இருப்பதாக நவம்பரிலேயே சொன்னார்கள். போக மாட்டேன் என்றாள் வெர்னா. வீடு பதினெட்டு டிகிரிக்குக் கீழே போகாதவரை இருக்கலாம் என்று விட்டுவைத்திருந்தாள் நர்ஸ். இன்று பன்னிரண்டு மணிக்கு அவள் வருகிறாள். மின்சார ஹீட்டரைப் போட்டால் ஃப்யூஸ் போய்விடுகிறது. ஆக்ஸிஜன் மெஷினும் நின்றுவிடுகிறது.

டேல் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, உள்ளே போகும் காற்றின் தூசியை வடிகட்டும் ஃபில்டரை இழுத்தான். ஒன்றல்ல, இரண்டு வந்தன. கடையில் கிடைப்பதிலேயே அடர்த்தியானவை, ஒன்றன்மேல் ஒன்றாக, உள்பக்கம் குழிந்து சாம்பல் நிறத்தில் இருந்தன. ஓரத்தில் மாற்றிய தேதியைப் பேனாவால் எழுதியிருந்தார் ஆர்வோ.

"ரெண்டு எதுக்கு?"

"ஒண்ணு போதாதுன்னு தோணிச்சு."

"எத்தனை நாளா?"

"ஆறு வருஷமா."

இரண்டையும் சுவரோரம் சாய்த்துவிட்டு டேல் ஃபர்னஸை மறுபடி ஓட விட்டான். தீ அணையவில்லை. மேலே காற்றுத் துளைகளில் சூடு ஏறும் சத்தம் கேட்டது. படிக்கட்டு வழியாக வெர்னாவின் குரல் விட்டுவிட்டு வந்தது: "டேல்... பூட்ஸைக் கழட்டிட்டுதானே வந்த? இல்லேன்னா இவரு உன்னையும் வடிகட்டிடுவாரு."

ஆர்வோ சிரித்தார். "பாத்தியா, சூடு வந்ததும் வாயும் வந்துடுச்சு."

டேல் சிரிக்கவில்லை. விசிறி வேகம் எடுக்கும் நேரத்தில் தீயின் நாக்கு ஒரு பக்கமாகச் சாய்வதைப் பார்த்துவிட்டிருந்தான். எல்லாவற்றையும் அணைத்தான். தீயையும் வீட்டுக் காற்றையும் பிரிக்கும் உலோகக் கூட்டுக்குள் கேமராவை நுழைத்தான். சின்னத் திரையில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல் தெரிந்தது.

"புகை வீட்டுக்குள்ள வரும், ஆர்வோ. விஷம். இதை ஓட விடக் கூடாது. புதுசு வர ஒரு வாரம் ஆகும்."

"அந்த ஒரு வாரம் கண்டுக்காம விடு. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வெச்சுக்கிறேன்."

"முப்பத்து நாலு டிகிரி குளிர்லயா?"

"உங்கப்பனா இருந்தா விட்டிருப்பான்."

"விட்டிருப்பாருதான்," என்றபடி டேல் எரிவாயு வால்வை மூடினான். இயக்கக் கூடாது என்று சிவப்புச் சீட்டை எழுதி வால்வில் கம்பியால் கட்டினான்.

"எதனால விரிஞ்சது?"

டேல் சுவரோரம் சாய்ந்திருந்த ஃபில்டர்களைப் பார்க்காமலிருக்க முயன்றான். "பழசு. இருபத்திரண்டு வருஷம் ஆச்சுல்ல."

"எனக்குத் தெரியும்னு உனக்குத் தெரியும்," என்றார் ஆர்வோ. "காத்து வராம ஆறு வருஷமா சூட்டுல வெந்திருக்கு."

பதினொன்றே முக்காலுக்கு நர்ஸ் வந்தாள். பன்னிரண்டே காலுக்கு ஆம்புலன்ஸ் வந்தது. தூக்குக்கட்டிலில் கிடந்தபடியே வெர்னா, "பச்சைக் கோட்டு," என்றாள். ஆர்வோ எடுத்து மேலே போர்த்தினார்.

"ஒரு வாரம்தான்," என்றார்.

"ஜன்னல்ல இருக்கிற செடிக்கு இனிமே தண்ணி ஊத்தாதீங்க. அது போன மாசமே செத்துடுச்சு. நீங்க தினம் ஊத்தினீங்க, அதான் சொல்லல."

புது ஃபர்னஸ் அடுத்த வியாழக்கிழமை பொருத்தப்பட்டது. வெர்னா வீடு திரும்பாமலே, பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி பராமரிப்பு இல்லத்தில் இறந்தாள். ஏப்ரலில் டேல் வழக்கமான சோதனைக்கு வந்தபோது, வீட்டில் சூடு பதின்மூன்று டிகிரிக்கு வைக்கப்பட்டிருந்தது. உள்ளே ஒரே ஒரு ஃபில்டர், மெல்லிய மலிவு வகை. ஓரத்தில் தேதி எழுதப்படவில்லை. அதில் தூசி படிந்திருக்கவில்லை. மாற்றத் தேவையில்லை என்று படிவத்தில் குறித்துக்கொண்டான்.